முதலில் மில்லிமீட்டர்

கேள்வி: 2005-இல் வந்த 30 ஜிபி வீடியோ ஐபாட். ஹார்டு டிஸ்க் கடகடக்கிறது. இன்னும் பெரிதாக வாங்கிப் போடலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் ஜிபியைக் கேட்குமுன் தடிமனைக் கேளுங்கள். உங்களுடையதில் இருப்பது 1.8 அங்குல டிஸ்க், 5 மி.மீ. தடிமன். 60 ஜிபி மாடலில் இருந்ததோ 8 மி.மீ. அதைப் போட்டால் பின்மூடியையும் தடித்ததாக மாற்ற வேண்டும். இடுப்பு பெருத்தால் பேன்ட் மாற்றத்தானே வேண்டும்! இணைப்பான் ‘ஸிஃப்’ வகைதானா என்றும் பாருங்கள். 2001-இன் முதல் ஐபாடில் இருந்த 5 ஜிபி டிஸ்க்கும் 1.8 அங்குலம்தான், ஆனால் இதில் பொருந்தாது.

என்னைக் கேட்டால், சுழலும் டிஸ்க்கே வேண்டாம். அடாப்டர் வாங்கி எஸ்டி கார்டைச் செருகுங்கள். பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும். கை தவறி விழுந்தாலும் பாட்டு பிழைக்கும். திறக்கும்போது மட்டும் நிதானம்: பேட்டரியின் மெல்லிய ரிப்பன் கேபிள் பின்மூடியோடு சேர்ந்து வரும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும்.