மேஜிக் நிபுணரின் முகபாவம்

தொலைக்காட்சி மேஜிக் நிபுணரை, அவர் வித்தை காட்டாத நேரத்தில்தான் நன்றாக அடையாளம் காணலாம். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் முக்கால்வாசி அந்த நேரம்தான். கறுப்புச் சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்துவிட்டு, கண்ணுக்கு மை தீட்டி, கேமராவுக்குப் பின்னால் சுழலும் மின்விசிறியின் தயவில் தலைமுடி பறக்க, மலையுச்சியில் நின்று தொலைவை வெறிப்பார். இதில் கைதவறினால் உயிர் மிஞ்சாது என்று பின்னணிக் குரல் எச்சரிக்கும். உடனே விளம்பர இடைவேளை. நாம் பற்பசை வகைகளைத் தெரிந்துகொண்டு திரும்பும்வரை அவர் சாவின் வாசலில் பொறுமையாகக் காத்திருப்பார்.

வெறும் பகட்டு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. செப்படி வித்தைக்காரரைச் சுற்றி நிற்பவர்கள் எந்தப் பக்கமிருந்தும் எட்டிப் பார்க்கலாம். வீட்டில் இருப்பவருக்குக் கேமரா காட்டியதுதான் காட்சி. அதனால் 1960இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் மேஜிக் நிகழ்ச்சி தொடங்கிய மார்க் வில்சன், அரங்கில் ஆட்களை உட்கார வைத்து, படத்தை வெட்டி ஒட்டுவதில்லை என்று உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்புவரை இந்தச் சிக்கல் இல்லை. 1956இல் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சியில் இந்திய மேஜிக் நிபுணர் பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணை ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். அவளைச் சேர்த்துக் காட்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கொலை நடந்துவிட்டதாகப் பதறியவர்களின் அழைப்புகளில் பி.பி.சி.யின் தொலைபேசிகள் திணறின. நேரம் போதாமல் போனது தற்செயல்தானா என்பது வேறு கதை. ஒரு மேசையும் ஒரு ரம்பமும் அன்று போதுமாக இருந்தன. நம்பிக்கை தேயத் தேயப் பொருள் பெருத்தது. 1983இல் அமெரிக்க மேஜிக் நிபுணர் டேவிட் காப்பர்ஃபீல்ட் சுதந்திர தேவி சிலையையே மறைத்தார். சிலை அங்குலம்கூட நகரவில்லை என்பது பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். அந்தக் குறையை ஈடுகட்டச் சுதந்திரத்தின் அருமை பற்றி ஓர் உரையும் ஆற்றினார். வித்தையை நம்பாதவர்கள் உணர்ச்சியையாவது நம்பட்டும் என்ற கணக்கு.

சர்க்கார் மட்டும் என்ன, மகாராஜா உடையும் தலைப்பாகையுமாக வந்து பகட்டு காட்டவில்லையா என்று கேட்கலாம். காட்டினார், தாராளமாக. ஆனால் அந்த ஜரிகை நம்மைப் பிரமிக்கச் சொன்னதே தவிர, தனக்காகக் கவலைப்படச் சொல்லவில்லை. அப்படிக் கவலைப்படச் சொல்லும் இடத்தில்தான் ரசனை பிசகுகிறது. அமெரிக்க மேஜிக் நிபுணர் டேவிட் பிளெய்னின் கதையே இதற்குச் சாட்சி. 1997இல் சாதாரண பனியனும் சீட்டுக்கட்டுமாகத் தெருவுக்கு வந்தவர், கேமராவைத் தன்னைவிடப் பார்ப்பவர்களின் பக்கம் திருப்பினார். அவர்கள் அலறி ஓடியதே நிகழ்ச்சியாயிற்று. பல ஆண்டுகளில் தொலைக்காட்சி மேஜிக்குக்கு வாய்த்த மிக நல்ல யோசனை அது. அதே மனிதர் 2003இல் லண்டனில் தேம்ஸ் நதியோரம் அந்தரத்தில் தொங்கிய கண்ணாடிப் பெட்டிக்குள் 44 நாள் பட்டினி கிடந்தார். லண்டன்காரர்கள் முட்டை எறிந்தார்கள். பொம்மை ஹெலிகாப்டரில் பர்கரைக் கட்டிப் பெட்டியருகே பறக்கவிட்டார்கள். உண்மையாகவே வருந்தினால் மக்கள் மதிப்பார்கள் என்ற வாதம் அந்த பர்கரோடு பறந்துபோயிற்று. பட்டினி நிஜம்தான், ஆனால் மேஜிக் பார்க்க வந்தவரிடம் அனுதாபம் கேட்டு நின்றால் அவருக்குச் சிரிப்புதான் வரும்.

சின்ன வித்தை சின்னத் திரையில் எடுபடாது என்பது தயாரிப்பாளர்களின் கடைசி ஆட்சேபம். ஆனால் பென், டெல்லர் என்ற அமெரிக்க இணை, கோப்பையும் பந்துமான பழைய வித்தையை ஒளிபுகும் பிளாஸ்டிக் தம்ளர்களில் செய்கிறது. பந்து எங்கே ஒளிகிறது, எந்தக் கை திருடுகிறது என்று எல்லாமே வெளிச்சம். ஆனாலும் கண் ஏமாறுகிறது, அதுவும் சிரித்துக்கொண்டே. அந்த இருவரில் டெல்லர் மேடையில் வாயே திறப்பதில்லை. இதே தம்ளர்களை நம் மலையுச்சி நிபுணரிடம் கொடுத்தால், முதல் வேலையாக அவற்றுக்குத் தீ வைத்துவிட்டு, நடுவில் போய் நின்றுகொள்வார்.