வேதாளம் ஏன் மரம் ஏறலை?

(வாசுதேவநல்லூர் அண்ணாச்சியின் கேள்வி-பதில். இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி, பிள்ளைகள் பார்ப்பதும் படிப்பதும் பற்றித்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாச்சு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.)

அண்ணாச்சி, எங்க சின்னவன் போன வருசம் வரைக்கும் சோட்டா பீம் ஓடினாத்தான் சோத்துக்கு வாயைத் திறப்பான். இப்பம் அந்தப் பேரை எடுத்தாலே "அது பாப்பா பாக்கது"ங்கான். பீமுக்கு மவுசு போயிட்டோ?
— இல்லத்தரசி, சிவகிரி

பீமுக்கு ஒண்ணும் ஆகலை தாயி. உங்க பிள்ளைக்கு ஒரு வயசு கூடியிருக்கு, அவ்வளவுதான். ஐதராபாத்தில் ராஜீவ் சிலகாவின் நிறுவனம் பீமைத் திரைக்குக் கொண்டுவந்தது 2008இல். அன்றைக்கு அவன் லட்டு தின்பதைப் பார்த்து எச்சில் விழுங்கிய பிள்ளைகள் இன்றைக்கு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை ஒரு பொம்மைப் படத்தோடு ஒட்டியிருப்பது நாலஞ்சு வருசம். பள்ளிக்கூடத்தில் அஞ்சாப்பு முடித்த பிள்ளைகள் வெளியே போவதை யாரும் நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை. ஜூன் மாதம் ஒண்ணாப்பில் சேர ஆள் இல்லையென்றால்தான் ஹெட்மாஸ்டர் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குவார். பிள்ளைகளுக்குக் கதை விற்கிற எல்லாருக்கும் இதே கணக்குதான். அவர்களில் பலர் ஒண்ணாப்பு வாசலைப் பார்க்காமல், வெளியே போகிற பிள்ளைகளின் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

என் பள்ளிப் பருவத்தில் அம்புலிமாமா படிக்காத பிள்ளை கிடையாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் பொறுமை இல்லாததால்தானே அது நின்றது?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், புளியங்குடி

ஐயா, எதற்கெடுத்தாலும் பிள்ளைகளைக் கூண்டில் ஏற்றுவது நமக்குப் பழகிப்போனது. இந்த வழக்கில் அவர்களை விடுதலை செய்துதான் ஆகவேண்டும்.

1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்னால், பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அது. அப்புறம் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. சிங்களத்தில்கூட வந்தது. சங்கர் என்று கையெழுத்திட்ட கே.சி. சிவசங்கரன் வரைந்த விக்கிரமாதித்தன், கையில் வாளும் தோளில் வேதாளம் புகுந்த பிணமுமாகத் தாத்தா காலத்திலிருந்து பேரன் காலம் வரை நடந்தான். 1980இல் தொழிலாளர் பிரச்சினையால் பத்திரிகை நின்று, 1984இல்தான் திரும்ப வந்தது. நாலு வருசம் என்றால் ஆறு வயசுப் பிள்ளைக்குப் பத்து வயசாகிவிடும். ஒரு முழு வரிசையே அம்புலிமாமாவைப் பார்க்காமல் தாண்டிப் போனது. அப்படியும் அது தாக்குப்பிடித்தது. வீட்டில் அதைப் படித்து வளர்ந்த பெரியவர்கள் இருந்தார்கள், வாங்கிக் கொடுத்தார்கள்.

2007இல் ஜியோடெசிக் என்ற மும்பை மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றினார்கள். அவற்றைத் தேடிப் போய்ப் பெருமூச்சு விட்டவர்கள் யார்? நீங்களும் நானும்தான். எட்டு வயசுப் பிள்ளை எவன் போனான்? அப்புறம் அந்த நிறுவனமே கடனில் சிக்கியது. 2013 வாக்கில் அச்சும் நின்றது. முருங்கைமரம் ஏறுவது வேதாளத்தின் குணம்தான். ஆனால் இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஒரு விக்கிரமன் இருந்தால்தானே அது மறுபடி ஏறும்? கடன்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த முதலாளிக்கு வேதாளத்துக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

பொறுமை என்றீர்களே, அதே 2007 ஜூலையில்தான் ஹாரி பாட்டரின் ஏழாம் புத்தகம் வந்தது. தலையணைத் தடிமன். (நம்ம ஊர் அணைக்கட்டான தலையணை அல்ல, தலைக்கு வைப்பது.) பிள்ளைகள் தூங்காமல் படித்தார்கள்.

சக்திமான் ஏன் நின்னு போச்சு? வில்லன் ஜெயிச்சுட்டானா?
— ஆட்டோ ஓட்டுநர், தென்காசி

1997இல் தூர்தர்ஷனில் சுற்ற ஆரம்பித்தவர் 2005இல் நின்றார். ஒளிபரப்புக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள் என்று சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவே பிற்பாடு சொன்னார். கண்ணுக்குத் தெரியாத வில்லன்களை எல்லாம் அடித்தவருக்கு ரசீதுப் புத்தகத்தை அடிக்க முடியவில்லை.

எனக்கு அம்பத்தி மூணு வயசு. இரும்புக்கை மாயாவின்னா இன்னைக்கும் உசுரு. அலமாரி நிறைய வச்சிருக்கேன். பெத்த பிள்ளை ஒண்ணைக்கூடத் தொட மாட்டேங்கான்.
— மளிகைக் கடைக்காரர், கடையநல்லூர்

அலமாரிக்குப் பூட்டு உண்டா அண்ணாச்சி? உண்டென்றால் பாதிப் பதில் உங்கள் இடுப்புச் சாவிக்கொத்தில் இருக்கிறது.

மீதிப் பாதிக்குச் சிவகாசி வரை போகணும். 1972இல் சௌந்திரபாண்டியன் அங்கே முத்து காமிக்ஸைத் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியை வைத்துத்தான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் சிவகாசி என்பதால் மாயாவியை நம்ம பக்கத்து ஆளாகவே நினைத்து வளர்ந்தோம். அவர் பிறந்தது என்னவோ பிரிட்டனில், 1962இல், ‘வேலியண்ட்’ என்ற வாரப் பத்திரிகையில். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். (நம்ம ஊர் மின்வெட்டுக் காலத்தில் வந்திருந்தால் முழு உருவத்தோடு அகப்பட்டிருப்பார்.) 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதே வருசம் ராணி காமிக்ஸும் வந்தது. ராணி 2005இல் முடிந்தது. முத்துவும் லயனும் இன்னும் நிற்கின்றன.

எப்படி நிற்கின்றன என்பதில்தான் உங்கள் பிள்ளையின் பதில் இருக்கிறது. பழைய வாசகர் சம்பாதிக்கத் தொடங்கியதும் புத்தகமும் அவரோடு வளர்ந்தது. வழவழத் தாள், முழு வண்ணம், கெட்டி அட்டை, சந்தா, புத்தகக் கண்காட்சியில் ஸ்டால், கதைக்குக் கதை கௌபாய் டெக்ஸ் வில்லரின் குதிரை. விலை நூறு ரூபாயைத் தாண்டிப் போய்விட்டது. பதிப்பாளர் பிழைக்க அதுதான் வழி, குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்த ஸ்டாலில் முண்டியடிக்கிற தலைகளைப் பாருங்கள், பாதிக்கு மேல் நரை. பழைய மாணவர் சங்கம் அமோகமாக நடக்கிறது, ஒண்ணாப்பில்தான் பெஞ்சு காலி. மாயாவியைப் பெற்ற நாட்டிலும் ஒன்று முடிய, இன்னொன்று நிற்கிற கதைதான். ஒரே முதலாளியின் இரண்டு சித்திரக்கதைப் பத்திரிகைகளில் 1937இல் பிறந்த ‘டேண்டி’ 2012இல், எழுபத்தைந்தாம் பிறந்தநாளன்றே, அச்சை நிறுத்தியது. 1938இல் பிறந்த ‘பீனோ’ இன்றைக்கும் வாராவாரம் குறும்பு பண்ணிக்கொண்டிருக்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வற்றிவிட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவும் வழியில்லை.

பஸ் ஸ்டாண்டு ஓரத்துல முப்பது வருசமா பெட்டிக்கடை. முன்னெல்லாம் சித்திரக்கதைப் புஸ்தகத்தைக் கயித்துல கிளிப்பு போட்டுத் தொங்கவிடுவேன். இப்பம் எவனும் கேக்கதில்ல.
— வாசுதேவநல்லூர்

உம்ம கயிறுதான்வே முக்கியம்! அதில் தொங்கியதைப் பையன் தானே பார்த்தான், தானே ஆசைப்பட்டான், மாமா கொடுத்த சில்லறையில் தானே வாங்கினான். அப்பாவிடம் அனுமதி கேட்கவில்லை. இன்றைக்கு அந்தக் கயிற்றில் ஷாம்பு பாக்கெட் தொங்குகிறது. டிவி பக்கமும் இதேதான் நடந்தது. 2019இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதிய கட்டண முறை கொண்டுவந்தபோது, வீட்டுக்கு எந்தெந்தச் சேனல் என்று தேர்ந்தெடுக்கும் வேலை அப்பாக்கள் கைக்கு வந்தது. சீரியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் போக மிச்சமிருந்தால்தான் கார்ட்டூன். எட்டு வயசுக்காரனுக்கு அந்தக் கமிட்டியில் ஓட்டு இல்லை. செல்போனில் மட்டும் அவன் விரலே ஓட்டு. 2013இல் சென்னையில் தொடங்கிய சூசூ டிவி உலகம் பூராவும் ரைம்ஸ் பாடிக்கொண்டிருப்பதற்கு யூடியூப்தான் கயிறு.

நான் ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயசில் டோரா பார்த்து டிவியோடு பேசுவேன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி மானத்தை வாங்குகிறார். அப்படி என்ன இருந்தது அதில்?
— மாணவி, வாசுதேவநல்லூர்

வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘டோராவின் பயணங்கள்’ சுட்டி டிவியில் ஓடிய நாளில், பேரப்பிள்ளைக்குத் துணையாக உட்கார்ந்த தாத்தாக்களே திருட வரும் குள்ளநரியைத் திட்டினார்கள். டோரா நம் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்பாள், பிறகு இமைகொட்டிக்கொண்டு சும்மா நிற்பாள். அந்தச் சில விநாடி மௌனம் வேண்டுமென்றே வைத்தது. மூணு வயசுப் பிள்ளை, "என் பதிலுக்குத்தான் காத்திருக்கா" என்று நம்பும். ஆறு வயசில் ஒருநாள், தான் கத்தினாலும் கத்தாவிட்டாலும் டோரா அடுத்த வரியைச் சொல்லிவிடுகிறாள் என்பது பிடிபட்டுவிடும். அன்றோடு முடிந்தது. எந்தக் கொம்பனாலும் அந்தப் பிள்ளையைத் திரும்ப உட்கார வைக்க முடியாது.

அமெரிக்காவில் நிக்கலோடியன்காரர்கள் முயன்று பார்த்தார்கள். 2014இல் டோராவைப் பத்து வயசுப் பெண்ணாக்கி, காட்டிலிருந்து நகரத்துக்குக் குடிபெயர்த்துப் புதுத் தொடர் எடுத்தார்கள். 2017இல் மூடினார்கள். போன பிள்ளைகளுக்கு அவள் இன்னும் பாப்பா, வருகிற பாப்பாக்களுக்கு அவள் யாரோ அக்கா. 2024இல் மறுபடியும் சின்னப் பிள்ளையாக்கிக் கொண்டுவந்துவிட்டார்கள். ஐதராபாத்துக்காரர்கள் சமர்த்து. பீமை வளர்க்கவில்லை, தவழவிட்டார்கள். 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த குட்டி பீமுக்கு வசனமே கிடையாது. எந்த மொழிக்காரப் பாப்பாவும் சேரலாம்.

அம்மாவின் போனில் அந்த வீடியோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள். கல்யாண வீட்டில் போட்டுவிடப் போகிறார்.

நம்ம பூலித்தேவரை வச்சு ஒரு கார்ட்டூன் எடுத்தா ஓடுமா அண்ணாச்சி?
— இளைஞர் மன்றத்தார், நெற்கட்டும்செவல்

கதைக்கு என்ன பஞ்சம்? 1755இல் ஆங்கிலேயக் கர்னல் ஹெரான் பீரங்கியோடு வந்து பூலித்தேவரின் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது ஒன்று போதும், முதல் பாகம் பிய்த்துக்கொண்டு ஓடும். என் கவலை ஏழாவது வருசம் பற்றித்தான். இன்றைக்குத் தொட்டிலில் கிடக்கிறவன் அன்றைக்குக் கேட்கும்போது கொடுக்கப் புதுக் கதை தயாராக இருக்கணும். கேட்கிற விலையும் அவன் கைக்கு எட்டணும். இன்னொன்று, செப்டம்பர் 1 பிறந்தநாள் விழா மேடைப் பேச்சைக் கொண்டுபோய் அப்படியே பூலித்தேவர் வாயில் திணிக்காதீர்கள். பிள்ளைகள் ஐஸ் வாங்கப் போய்விடும். வசனத்தைக் குறையுங்கள், கர்னலுக்கு ஒரு சண்டிக்குதிரை கொடுங்கள். எடுத்து முடித்ததும் அஞ்சு வயசு, ஏழு வயசுப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் போட்டுக் காட்டுங்கள். விழாக் கமிட்டியாரை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டாம், மறைக்கும்.