டீயா, டேயா? பாசி ஸ்மூத்தி குறித்த ஒரு மூலபாட ஆய்வு

1. பெயரும் இலக்கணமும்

பாசி ஸ்மூத்தி என்பது பழம், கீரை, தண்ணீர் இவற்றோடு ஸ்பைருலினாப் பொடியைச் சேர்த்து, வீட்டு மிக்ஸியில் அடித்து, உடம்புக்கு நல்லது என்று சொல்லிக் குடிக்கப்படும் பச்சைப் பானம். இவ்விலக்கணத்தில் ‘பாசி’, ‘பச்சை’, ‘குடிக்கப்படும்’ ஆகிய மூன்றும் ஐயத்துக்கு உரியவை.

முதலாவது, ஸ்பைருலினா பாசி அன்று. நீலப்பச்சைப் பாசி என்று நெடுநாள் அழைக்கப்பட்டாலும் அது சயனோபாக்டீரியா இனம், அதாவது பாக்டீரியா. ‘பாக்டீரியா ஸ்மூத்தி’ என்று பெயர் வைத்தால் வீட்டில் யாரும் குடிக்க மாட்டார்கள் என்பதால் பழைய பெயரே நிலைத்தது. இரண்டாவது, அதன் பச்சை முழுப் பச்சை அன்று. பச்சையத்தோடு ஃபைகோசயனின் என்ற நீல நிறமியும் கலந்தது. மூன்றாவது ஐயம் ஏழாம் பகுதியில் தீர்க்கப்படும்.

இவ்வளவும் போக, கடையில் ஸ்பைருலினா என்று விற்கப்படுவது ஸ்பைருலினாவும் அன்று. 1892இல் கோமோன் என்ற அறிஞர், சுருள் இழைக்குள் குறுக்குச் சுவர் தெரிவதை ஆர்த்ரோஸ்பைரா என்றும், தெரியாததை ஸ்பைருலினா என்றும் தனிக்குடித்தனம் வைத்தார். 1932இல் கைட்லர் இரண்டையும் ஒரே வீட்டில் சேர்த்தார். பிறகு வந்தவர்கள் மறுபடி பாகம் பிரித்தார்கள். உணவாகும் இனம் ஆர்த்ரோஸ்பைரா என்று ஊர் ஒருவாறு ஒப்புக்கொண்டிருக்கையில், 2019இல் அதற்கு லிம்னோஸ்பைரா என்று புதுப் பேரினமே படைக்கப்பட்டது. இத்தனை பெயர் மாற்றத்திலும் வாடை மாறவில்லை என்பது குறிக்கத்தக்கது.

குளோரெல்லா: இது உண்மையான பசும்பாசி. ஆதலால் இக்கட்டுரையில் இதற்கு இடமில்லை.

2. வரலாறு

மெக்சிகோவின் டெக்ஸ்கோக்கோ ஏரியில் மிதந்த ஸ்பைருலினாவை வலையால் அள்ளி, உலர்த்தி, அடையாக்கி அஸ்டெக் மக்கள் உண்டனர். 16ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற ஸ்பானியர்கள் அதை எழுதிவைத்தார்கள். ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கு அருகே கானெம் பகுதிப் பெண்கள் அதை மணலில் வடித்து, வெயிலில் காயவைத்து, ‘டிஹே’ என்ற பெயரில் சந்தையில் விற்கிறார்கள். சிறுதானியக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பில் அது சேரும். 1960களில் ஷான் லியோனார் என்ற பெல்ஜியத் தாவரவியலார் அங்கே கண்ட பிறகே உலகம் அதை மறுபடி கவனித்தது. காலங்காலமாக விற்றுக்கொண்டிருந்தவர்கள் கண்டுபிடித்தவர்களாகக் கருதப்படுவதில்லை. வாங்கிப் போய்க் கட்டுரை எழுதியவரே கண்டுபிடித்தவர்.

தமிழ்நாட்டில் சென்னையின் முருகப்பச் செட்டியார் ஆய்வு மையம் ஸ்பைருலினா வளர்ப்பை ஆராய்ந்தது. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரிலும் ஆரோவில்லிலும் அது தொட்டிகளில் வளர்க்கப்பட்டது. காரத்தன்மை மிகுந்த நீரும் நல்ல வெயிலும் அதற்குத் தேவை. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை.

இந்நெடிய வரலாற்றில் எவரும் இதில் வாழைப்பழம் போட்டதாகக் குறிப்பில்லை.

3. சங்கச் சான்று

சங்கச் சான்று இல்லாத தமிழ்க் கட்டுரை உப்பில்லாத பண்டம் என்பதால் இப்பகுதி சேர்க்கப்படுகிறது. குறுந்தொகை 399ஆம் பாடலில் பரணர், தலைவியின் பசலையை ஊர்க் கேணியின் பாசிக்கு ஒப்பிடுகிறார். கை பட்டால் ஒதுங்கும், கை எடுத்தால் மூடிக்கொள்ளும் என்பது கருத்து. உலர்ந்த ஸ்பைருலினாப் பொடியைத் தண்ணீரில் நேரே கொட்டிக் கரண்டியால் அமுக்கிப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். இதிலிருந்து பரணர் ஸ்மூத்தி செய்திருக்கிறார் என்று முடிவு கட்டுவது சற்று அவசரம். இதைவிட மெல்லிய நூலில் தொங்கும் முடிவுகளுக்கு முனைவர் பட்டம் கிடைத்ததுண்டு என்றாலும்.

ஸ்மூத்தியில் பசலைக்கீரை சேர்ப்போர் தம்மைப் பரணர் வழியினர் என்று சொல்லிக்கொள்வது பிழை. அவர் சொன்ன பசலை தோலில் படர்வது. கட்டு கட்டாக விற்பனைக்கு வருவதில்லை.

4. கருவிகள்

மிக்ஸி. சட்னி ஜார் ஆகாது. ஜூஸ் ஜார் வேண்டும். சட்னி ஜாரில் அடித்தால் மறுநாள் தேங்காய்ச் சட்னி கொத்தமல்லிச் சட்னி போல் தோன்றும்.

5. அளவு

இவ்வியலின் உயிர்நாடி இப்பகுதியே. பாசி ஸ்மூத்திக்கு மூலநூல் ஒன்றே ஒன்று. அது கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில், ஃபிரிட்ஜ் கதவில், மாம்பழக் காந்தத்தின் கீழ் உள்ளது. அதன் நான்காம் வரி ஸ்பைருலினாவின் அளவைச் சொல்கிறது. ‘1’ என்ற எண் தெளிவு. அடுத்து ‘ட’ என்ற எழுத்தின் நடுப்பகுதி தெரிகிறது. இறுதியில் ‘ஸ்பூன்’ என்பது தெளிவு. ‘ட’வின் முன்னும் மேலும் பின்னும் ஒரு கறை. அக்கறை ஸ்பைருலினாவால் ஆனது. தன்னைப் பற்றிய சான்றைத் தானே அழித்துக்கொண்ட ஆய்வுப்பொருள் வேறொன்று உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

இங்கு ‘டீஸ்பூன்’ என்று படிப்போர் டீயர் எனவும், ‘டேபிள்ஸ்பூன்’ என்று படிப்போர் டேயர் எனவும் பெயர் பெறுவர். டீஸ்பூன் 5 மில்லி. டேபிள்ஸ்பூன் 15 மில்லி. வேறுபாடு மும்மடங்கு. குடித்தவர் முகத்தில் தெரியும் வேறுபாடு அதனினும் பெரிது.

டேயர் வாதம்: ‘ட’வுக்கும் ‘ஸ்பூன்’ என்பதற்கும் நடுவே இரண்டு எழுத்து அளவுக்கு இடம் உள்ளது, அவ்விடத்தில் ‘பிள்’ இருந்திருக்க வேண்டும் (கதவுப்படி, வரி 4). டீயர் மறுப்பு: அந்த இடைவெளி எழுதியவர் மூச்சு விட்ட இடம், மேலும் ‘டே’ என்றால் ‘ட’வின் முன்னே இரட்டைக் கொம்பு நிற்க வேண்டும், கறையின் இடப்பக்கம் அதற்கு இடம் போதாது (மேற்படி, அளந்தது பள்ளிக்கூட ஸ்கேலால்). டேயர் மறுமொழி: எழுதியவர் கொம்பை ஒல்லியாகப் போடும் வழக்கமுடையவர், இதற்கு ‘தேன்’ என்ற ஆறாம் வரியே சான்று. டீயர் மறுமறுப்பு: ஆறாம் வரி எழுதியபோது பேனா மாறிவிட்டது.

இதனிடையே, வீரமாமுனிவர் எகர ஏகார வேறுபாட்டைத் திருத்தி அமைக்காதிருந்தால் இச்சிக்கல் எழுந்திருக்குமா என்று ஒருவர் 22 பக்கம் எழுதினார். அதில் ஸ்பைருலினா என்ற சொல் தலைப்பில் மட்டும் வருகிறது.

ஐயம் தீர்க்கப் பிற படிகள் ஒப்பிடப்பட்டன. இங்கே ‘படி’ என்றது பிரதியை. அளக்கும் படியை அன்று. மாடிப்படி பின்னர் வரும்.

கீழ்வீட்டுப்படி ‘1 ஸ்பூன்’ என்று மட்டும் தருகிறது (கீழ்வீட்டுப்படி, வரி 4, பால்காரர் கணக்குக்குப் பக்கத்தில்). இது சிக்கலைத் தீர்க்கவில்லை. கீழ்வீட்டார் சிக்கலில் மாட்டிக்கொள்ளாதவர்கள் என்பதை மட்டும் காட்டுகிறது.

அத்தை வீட்டுப்படி ‘1 கரண்டி’ என்கிறது (அத்தை வீட்டுப்படி, நாள்காட்டித் தாளின் பின்புறம், வரி 5, ராகுகாலம் அச்சான இடத்துக்கு நேர் பின்னே). இதைக் குழம்புக் கரண்டி எனக் கொண்டு செய்த ஒருவர் ஒரே காலையோடு மரபிலிருந்து விலகிவிட்டார். அவர் உரை எதுவும் எழுதவில்லை.

கைபேசிப்படி என்பது மூலத்தாளைப் பிடித்த புகைப்படம். கறை விழுவதற்கு முன்னரே எடுத்தது என்பதால் டீயரும் டேயரும் இதைப் பெரிதும் எதிர்பார்த்தனர். தாளைப் பிடித்திருந்தவரின் கட்டைவிரல் நான்காம் வரியின் மேல் இருந்தது (கைபேசிப்படி, குடும்பக் குழு, ஒரு நல்ல காலை வணக்கத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவே, விரல் வலக்கை விரல், நகத்தில் மருதாணி).

எஞ்சியது வாய்மொழி மரபு. ‘அதுவா, அதை நான் எப்பவும்...’ என்பது அது (மாடிப்படி வாய்மொழி, இரண்டாம் தளத் திருப்பம், தண்ணீர் லாரி வந்த காலை; சொன்னவர் இரு குடங்களோடு இறங்கிவிட்டதால் வாக்கியம் முற்றுப்பெறவில்லை; முற்றுப்பெறாத அப்பகுதியே இரு தரப்புக்கும் தலைமைச் சான்று).

கறையைக் கொண்டு காலம் கணிக்கும் முயற்சியும் நடந்தது. ஃபைகோசயனின் நீரில் கரையும், பச்சையம் கரையாது. ஆதலால் கறையின் ஓரத்துக்கு நீலமும் நடுவுக்குப் பச்சையும் ஓடியிருக்கின்றன. இதன்வழி கறை ஈரமாக விழுந்தது என்பது ஐயமற நிறுவப்பட்டது. ஸ்மூத்தி ஈரமானது என்பது முன்பே தெரிந்ததுதானே என்று கேட்டவருக்கு அடுத்த கருத்தரங்குக்கு அழைப்பில்லை.

‘வாழைப்பழம் 1’ என்ற மூன்றாம் வரி இடைச்செருகல் என்பது பெரும்பான்மைக் கருத்து. மற்ற வரிகள் கறுப்பு மையில் இருக்க, அது நீல மையில் உள்ளது. ஆயினும் பழமின்றி இப்பானம் ஒரு தலைமுறையைத் தாண்டி வந்திருக்க முடியாது என்ற சுவைவழிச் சான்றை எவரும் மறுக்கவில்லை.

மூலநூலாசிரியர் அதே வீட்டில், அதே ஃபிரிட்ஜுக்கு எட்டடி தூரத்தில், நாள்தோறும் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். அவரைக் கேட்டுவிடலாம் என்ற யோசனை ஒருமனதாகத் தள்ளப்பட்டது. ஆசிரியர் கூற்று வெறும் புறச்சான்று. பிரதிக்கு அவர் அந்நியர். மேலும் அவர் பதில் சொல்லிவிட்டால் அடுத்த ஆண்டுக் கருத்தரங்குக்குப் பொருள் இராது. பதிவுக் கட்டணம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. அதில் சணல் பை, பேனா, மதியச் சாப்பாடு அடக்கம்.

6. செய்முறை

ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி கழுவிய கீரை, ஒரு தம்ளர் தண்ணீர், அரை எலுமிச்சம்பழச் சாறு, சிறிது தேன். எலுமிச்சையின் வைட்டமின் சி, இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். பொடியை நேரே கொட்டக்கூடாது. கேழ்வரகு மாவைக் கரைப்பது போல முதலில் இரண்டு ஸ்பூன் தண்ணீரில் குழைத்துக்கொண்டு, கட்டி தட்டாமல் பிறகு சேர்க்க வேண்டும். பரணர் கண்ட சிக்கலுக்கு இதுவே தீர்வு. சுட வைக்கக்கூடாது; சூட்டில் நீல நிறமி சிதையும்.

குளத்திலோ தொட்டியிலோ தானாகப் படர்ந்த பாசியை வழித்துப் போடுவது அறவே ஆகாது. நீலப்பச்சை இனங்கள் சில, கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரப்பவை. கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. சோதித்து விற்கும் பொடியே தக்கது. ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறை உள்ளவர்களுக்கு ஸ்பைருலினா ஆகாது.

7. பயன்

உலர்ந்த ஸ்பைருலினாவின் எடையில் பாதிக்கு மேல் புரதம் என்பது உண்மை. இவ்வுண்மை டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் அச்சாகிறது. ஒரு டேபிள்ஸ்பூன் பொடி சுமார் 7 கிராம். அதில் புரதம் சுமார் 4 கிராம் என்ற கணக்கு அச்சாவதில்லை. டீயர் வழியில் குடித்தால் இதில் மூன்றில் ஒரு பங்கே. நூறு கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையில் சுமார் 9 கிராம் புரதம் உண்டு; அதைச் சுண்டல் என்பார்கள், கண்ணை மூடாமல் சாப்பிடலாம். இரும்புச்சத்து ஸ்பைருலினாவில் கணிசம். பி12 வைட்டமின் இருப்பதாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி, மனித உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். போலி ஆய்வுக் கட்டுரையில் இத்தகவல் இடம்பெறுவது பொருத்தமே.

‘குடிக்கப்படும்’ என்பதன் ஐயம்: முதல் தம்ளர் குடிக்கப்படுகிறது. ஜாரில் மிஞ்சிய அரைத் தம்ளர் ‘அப்புறம்’ என்ற சொல்லோடு ஃபிரிட்ஜுக்குப் போகிறது. ‘அப்புறம்’ என்பதன் கால எல்லை இன்னும் வரையறுக்கப்படவில்லை.

8. முடிபு

அண்மையில் மூலநூலாசிரியர், எவரும் கேளாமலே, டப்பாவைத் துடைத்தபடி ஒரு வாக்கியம் சொன்னார்: “டப்பாவுக்குள்ளேயே ஒரு குட்டி ஸ்பூன் கிடக்குமே, அதால ஒண்ணு போட்டாப் போதும்னு எழுதி வச்சிருக்கேனே.” இதன்படி நான்காம் வரி ‘1 டப்பாஸ்பூன்’ ஆகும். ‘ட’வின் முன்னே கொம்பும் இல்லை, மேலே சுழியும் இல்லை. கறைக்குள் இருந்தது ‘ப்பா’. இடைவெளி இரண்டு எழுத்துக்குச் சரியாக உள்ளது. டீயரும் டேயரும் இதைப் பிற்காலத்தவர் ஏற்றிய பாடம் என்று ஒதுக்குவதில் முதல்முறையாக ஒன்றுபட்டிருக்கிறார்கள்.

ஜாரையும் தம்ளரையும் குடித்த கையோடு கழுவிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் எளிதில் போகாது.