கெட்டி மெத்தையா, கெட்டிக்கார மெத்தையா?

மெத்தைக் கடைக்குள் நுழைபவர் பெரும்பாலும் என்ன செய்கிறார்? விளிம்பில் உட்கார்கிறார், உள்ளங்கையால் இரண்டு அழுத்து அழுத்துகிறார், “கடைசி விலை சொல்லுங்க” என்கிறார். பத்து வருடம் முதுகைக் கொடுக்கப்போகும் பொருளுக்குப் பரீட்சை எழுதுவது கை. பலன் அனுபவிப்பது இடுப்பு. அப்படி அனுபவித்தவர்களும், அனுபவிக்கப் பயந்தவர்களும் கேட்டவை கீழே.

கேள்வி: முதுகு வலிக்குத் தரையில் பாய் விரித்துப் படுப்பதுதான் மருந்து என்கிறார் என் மாமனார். மெத்தை வாங்கவே விடமாட்டேன் என்கிறார். அவரை எப்படிச் சமாளிப்பது? (கும்பகோணம்)

மாமனார் சொல்வது பாதி சரி. நடுவில் பள்ளம் விழுந்த பழைய மெத்தைக்குத் தரை எவ்வளவோ மேல். மீதிப் பாதியை ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குக் கெட்டி மெத்தை, இன்னொரு பாதியினருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை கொடுத்தார்கள். யாருக்கு எது என்று படுத்தவர்களுக்கும் தெரியாது, வலியைக் குறித்துக்கொண்டவர்களுக்கும் தெரியாது. 90 நாள் கழித்துப் பார்த்தால், படுத்திருக்கும்போதும் காலையில் எழும்போதும் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது நடுத்தர மெத்தைக்காரர்களுக்குத்தான். 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இது. 1 என்றால் மிகக் கெட்டி, 10 என்றால் மிக மிருது என்ற அளவுகோலில், நன்றாக வேலை செய்த மெத்தையின் எண் 5.6. தோற்றதன் எண் 2.3. மாமனாரின் தரைக்கு அந்த அளவுகோலில் இடமே இல்லை.

காரணம் லேசாகப் புரியக்கூடியது. ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பெலும்பும்தான் முதலில் தரையைத் தொடும். அவை கொஞ்சம் உள்ளே அமிழ இடம் கிடைத்தால்தான் முதுகெலும்பு நேராக இருக்கும். இடமே தராத படுக்கையில் தோளில் அழுத்தம் ஏறும்; இடை அந்தரத்தில் தொங்கும். ரொம்ப மிருதுவானால் எதிர் வினை: கனமான இடுப்பு முழுக்க அமிழ்ந்து உடம்பு வில்லாக வளையும். மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே இல்லை என்றால் மிருது. கொஞ்சம் முயன்றால் நுழைகிறது என்றால் பில் போடச் சொல்லலாம். உடம்பு கனமானவருக்குச் சற்றுக் கெட்டியாகவும் ஒல்லியானவருக்குச் சற்று மிருதுவாகவும் வேண்டும் என்பதால், மாப்பிள்ளைக்குச் சரியான மெத்தை மாமனாருக்கும் சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஒன்று மட்டும்: வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ மெத்தைக் கடைக்குப் போகாதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: “ஆர்த்தோ” என்று எழுதியிருந்தால் எலும்பு டாக்டர் பரிந்துரைத்தது என்று அர்த்தமா? (சேலம்)

எழுதியவர் விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவர் என்று அர்த்தம். அந்தப் பெயரில் விற்பவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது ‘ரீபாண்டட்’ ஃபோம்: வெட்டியது போக மிஞ்சிய ஃபோம் துண்டுகளைத் தூளாக்கி, பசை சேர்த்து அழுத்திச் செய்த கட்டி. உறையைத் திறந்தால் பல நிறத் துணுக்குகளாகத் தெரியும். உழைக்கும், மலிவு, கெட்டி. அதைக் கெட்டி மெத்தை என்று வாங்குங்கள். சிகிச்சை என்று வாங்காதீர்கள்.

கேள்வி: 40 டென்சிட்டி என்றார் கடைக்காரர். அப்படியென்றால் கெட்டியா? உண்மையில் 40 தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஈரோடு)

கெட்டி வேறு, டென்சிட்டி வேறு. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் டென்சிட்டி. அது கூடினால் சீக்கிரம் பள்ளம் விழாது என்று நம்பலாம். 40 டென்சிட்டியிலேயே மிருதுவாகவும் செய்யலாம், கெட்டியாகவும் செய்யலாம்.

கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், தராசு போதும். 72-க்கு 36 அங்குலம், 4 அங்குல உயரம் உள்ள ஒற்றை மெத்தையின் கன அளவு சுமார் 0.17 கன மீட்டர். முழுக்க 40 டென்சிட்டி என்றால் உறை இல்லாமல் 6.8 கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் ஐந்தரைக் கிலோ அளவில் நிற்கும். மூன்று அடுக்கு, நான்கு அடுக்கு என்று வந்தால் ஒவ்வோர் அடுக்கின் உயரத்தையும் டென்சிட்டியையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது. ஜிப் வைத்த உறையானால் திறந்து பாருங்கள். டிவி பெட்டிக்குள் அடிபடாமல் இருக்க வைக்கும் வெள்ளை ஷீட் நடுவில் ஓர் அடுக்காக உட்கார்ந்திருந்தால், அதற்கு ஃபோம் விலை கொடுக்காதீர்கள். அது டிவிக்கு நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இலவம் பஞ்சு மெத்தைதான். இந்தக் காலத்தில் அது எடுபடுமா? (திண்டுக்கல்)

எடுபடும், பராமரிக்க ஆள் இருந்தால். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூருக்கு ஏலக்காயோடு இலவம் பஞ்சாலும் பெயர். அந்தப் பஞ்சு இழையின் உள்ளே காற்று நிறைந்த குழல், வெளியே மெழுகு போன்ற பூச்சு. அதனால்தான் அது லேசு. தண்ணீரையும் சுலபத்தில் உறிஞ்சாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடலில் விழுந்த மாலுமிகளை மிதக்கவைத்த உயிர்காப்பு உடைகளில் அடைத்திருந்தது இந்தப் பஞ்சைத்தான். கப்பலையே நம்பாதவர்கள் நம்பிய பஞ்சு உங்கள் தாத்தாவைத் தாங்கியதில் வியப்பில்லை.

வெப்பத்தைத் தேக்காது என்பது நம் ஊருக்குப் பெரிய வசதி. குறை என்னவென்றால், இழை வழுக்கும், சுலபத்தில் ஒடியும். நாளாக நாளாக மெத்தை அமுங்கிக் கட்டி தட்டும். மாதம் ஒருமுறையாவது வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்து, பஞ்சை அடித்து, புதுப் பஞ்சு கொஞ்சம் சேர்த்துத் தைக்க வேண்டும். முன்பு வில்லோடு வந்தவர் இப்போது வேனில் மெஷினோடும் ஒலிபெருக்கியோடும் தெருவுக்கு வருகிறார். வாசலிலேயே அடித்துத் தந்துவிட்டுப் போகிறார். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அன்றைக்கு அவரை வேறு எங்காவது அனுப்பிவிடுங்கள்; அந்தத் தூசி ஆகாது.

கலப்படம்தான் கவலை. இலவு காத்த கிளி பழத்துக்குக் காத்திருந்து பஞ்சைப் பார்த்தது. இன்றைய வாடிக்கையாளர் இலவம் பஞ்சுக்குக் காசு கொடுத்துவிட்டுக் கழிவுப் பஞ்சைப் பார்க்கிறார். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். இலவம் பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும். மில் கழிவுப் பஞ்சு நனைந்து கீழே போகும். விரலால் நசுக்கிக் கொட்டை தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள். தைப்பதற்கு முன்னால் பாருங்கள். தைத்தபின் கடவுளுக்கே தெரியாது.

கேள்வி: மெமரி ஃபோம் வாங்கினேன். பகலில் சதுப்பு நிலம், இரவில் ஏசி போட்டால் பலகை. மெத்தைக்கு மறதி வந்துவிட்டதா? (சென்னை)

அதன் சுபாவமே அதுதான். 1966-ல் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவுக்காக விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்க சார்லஸ் யோஸ்ட் என்பவர் உருவாக்கிய பொருள் அது. சூட்டில் இளகும், குளிரில் இறுகும். வீட்டு மெத்தையானபோது உடம்புச் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்தை வாங்கிக்கொள்வது பெரிய கவர்ச்சி ஆனது. சித்திரை வெயிலில் சென்னை மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் அது என்ன ஆகும் என்று யோஸ்ட் யோசித்திருக்க நியாயமில்லை. சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத வீட்டுக்குத் தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்துச் செய்யும் காயர் மெத்தையோ, துளைகள் விட்ட லேடெக்ஸ் மெத்தையோ மேல். காயர் விலை குறைவு, கெட்டி அதிகம். லேடெக்ஸ் நேர் எதிர்: சுகமும் உழைப்பும் அதிகம், விலை கேட்டால் தூக்கம் போகும்.

கேள்வி: தூங்குவதற்குச் சம்பளம் தரும் வேலை உண்டா? (வேலையில்லாப் பட்டதாரி, விழுப்புரம்)

உண்டு. 2019-ல் பெங்களூரைச் சேர்ந்த வேக்ஃபிட் மெத்தை நிறுவனம், இரவுக்கு 9 மணி நேரம் வீதம் 100 இரவு தூங்குபவருக்கு 1 லட்சம் ரூபாய் என்று பயிற்சி வேலை அறிவித்தது. விளம்பரம்தான், ஆனாலும் ஆட்களை எடுத்தார்கள். பகல் தூக்கத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதால் உங்கள் அனுபவம் எவ்வளவு கைகொடுக்கும் என்று தெரியவில்லை.

கேள்வி: நான் 52 கிலோ, கணவர் 94 கிலோ. அவர் புரண்டால் நான் உருண்டு அவர் பக்கம் போய்விடுகிறேன். (கோயம்புத்தூர்)

கல்யாணமான புதிதில் இதை யாரும் புகாராக எழுதுவதில்லை! ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று பிணைந்த மெத்தையில் ஒருவர் அசைந்தால் இருவரும் அசைய வேண்டியதுதான். ‘பாக்கெட் ஸ்பிரிங்’ வகையில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பைக்குள் இருக்கும். அழுத்திய இடம் மட்டும் அமுங்கும். 1900-ஐ ஒட்டிக் கனடாவில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் கண்டுபிடித்தது. அதைவிட மலிவான வழி, ஒரே கட்டிலில் இரண்டு ஒற்றை மெத்தைகள்: அவருக்குக் கெட்டி, உங்களுக்கு மிருது. நடுவில் இடைவெளி விழும். மேலே மெல்லிய விரிப்பு மெத்தை ஒன்றைப் போட்டால் எல்லைக்கோடு மறையும்.

கேள்வி: புது மெத்தை வந்து ஒரு வாரம். முன்பு இல்லாத வலியெல்லாம் வருகிறது. ஏமாந்துவிட்டேனா? (திருநெல்வேலி)

அவசரப்படாதீர்கள். பழைய மெத்தையில் நீங்களே வருடக்கணக்கில் வெட்டிய பள்ளத்துக்கு உடம்பு பழகியிருக்கிறது. சமமான இடத்தில் கிடக்கத் தசைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கலாம். வலி நாளுக்கு நாள் குறைந்தால் பழகுகிறது என்று பொருள். மூன்றாவது வாரத்திலும் ஏறிக்கொண்டே போனாலோ, தோளும் கையும் மரத்துப்போனாலோ மெத்தை பொருந்தவில்லை.

அதற்குள் இரண்டு குற்றவாளிகளை விசாரியுங்கள். முதலாவது, தலையணை. மெத்தை மிருதுவானால் தோள் அமிழும். பழைய உயரத் தலையணை கழுத்தை மேல்நோக்கி ஒடிக்கும். கழுத்து வலிக்கு மெத்தையைத் திட்டுகிறவர்களில் பலர் தலையணையைத்தான் திட்ட வேண்டும். இரண்டாவது, கட்டில். தொய்ந்த பிளைவுட் மேல் புது மெத்தையைப் போட்டால் பழைய பள்ளம் புது விலையில் கிடைக்கும். ஓரிரு இரவு மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்துப் பாருங்கள். வலி குறைந்தால் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

சுருட்டிப் பெட்டியில் வந்த மெத்தையானால் ஜன்னலைத் திறந்துவைத்து ஒன்றிரண்டு நாள் விரிய விடுங்கள். ஃபோம் வாடையும் போகும். வாடை போகட்டும் என்று ஃபோமையும் லேடெக்ஸையும் மொட்டை மாடி வெயிலில் காயப்போடாதீர்கள். பஞ்சு மெத்தைக்கு நல்லது செய்யும் வெயில் ரப்பரை உதிரவைத்துவிடும்.

கேள்வி: அழுக்காகாமல் இருக்க பிளாஸ்டிக் கவரைக் கழற்றாமலே வைத்திருக்கிறோம். சரிதானே? (தூத்துக்குடி)

ரிமோட்டுக்குப் போட்ட கவரும் இன்னும் அப்படியே இருக்கிறதா? ரிமோட்டுக்கு வியர்க்காது, உங்களுக்கு வியர்க்கும். கவருக்குள் ஈரம் அடைபட்டால் பூஞ்சைதான் மிச்சம். கழற்றிவிட்டு, துவைக்கக்கூடிய துணி உறை போடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ஆசையாக 10 அங்குல மெத்தை வாங்கிக் கொடுத்தேன். ஏற முடியவில்லை என்று சோஃபாவில் படுக்கிறார். (மதுரை)

நம் ஆசாரிகள் செய்த கட்டில்கள் நான்கு அங்குல மெத்தையை மனதில் வைத்துச் செய்தவை. அதன் மேல் பத்து அங்குலம் ஏற்றினால் அம்மாவின் கால் தரையில் படாது. விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும். முழங்கால் மடிப்பின் உயரம்தான் மெத்தை மேற்பரப்பின் உயரம். முடிந்தால் கட்டில் காலை அறுத்துக் குறையுங்கள். அளவையும் கவனியுங்கள்: ஊரில் செய்த கட்டில்கள் பல ஆறேகால் அடிக்கு ஐந்தடி, அதாவது 75-க்கு 60 அங்குலம். கம்பெனி ‘குயின்’ மெத்தை பெரும்பாலும் 78-க்கு 60. மூன்று அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டிலை அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

கேள்வி: 100 இரவு படுத்துப் பார்க்கலாம், பத்து வருட வாரண்டி என்கிறார்களே, நம்பலாமா? (வேலூர்)

100 இரவை நம்பலாம், நிபந்தனையைப் படித்துவிட்டு. திரும்ப எடுத்துக்கொள்ள வண்டி உங்கள் ஊருக்கு வருமா, பணமாகத் தருவார்களா அல்லது வேறு மெத்தைதானா என்று முதலிலேயே கேளுங்கள். வாரண்டி பெரும்பாலும் குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் பள்ளம் விழுந்தால் மட்டும்தான். கறை பட்டிருந்தால் அதுவும் போச்சு என்று பல நிறுவனங்கள் சொல்லும். ஆக, காபியோடு படுக்கையில் உட்காரும் ஆசாமியை வீட்டில் கண்டித்து வையுங்கள். அளவு, அடுக்கு, டென்சிட்டி எழுதிய பில்லையும் வாரண்டி அட்டையையும் போட்டோ எடுத்து வையுங்கள். சொன்னதைச் செய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பயனில்லை. அதனால் “பில் இல்லாம 500 ரூபா குறைச்சுக்கலாம் சார்” என்று யாராவது சொன்னால், அடுத்த கடைக்குப் போங்கள்.