கண்ணாடிப் பெட்டியும் ஒரு ராஜாவும்

பிரிக்ஃபீல்ட்ஸில் மோனோரயில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் ராஜா சூலான். அந்தப் பெயர் பேராக் அரச குடும்பத்துக்காரருடையது. ஆனால் அறிவிப்பு வரும்போதெல்லாம் எனக்கு ‘செஜாரா மெலாயு’ என்ற பழைய மலாய் நூலின் ராஜாதான் ஞாபகம். சில பிரதிகளில் சூரன், சிலவற்றில் சூலான். நம் ராஜேந்திர சோழனின் நிழல் என்பார்கள்.

மனுஷன் சீனாவைப் பிடிக்கக் கிளம்பி தெமாசிக் தீவோடு திரும்பியவர். சீனர்கள் ஒரு கப்பல் நிறையப் பொக்கைவாய்க் கிழவர்களையும் துருப்பிடித்த ஊசிகளையும் அனுப்பி, கிளம்பும்போது நாங்கள் சிறுவர்கள், இந்த ஊசிகள் இரும்புக் கம்பிகள் என்று அளந்துவிட, நம்பிவிட்டார். இவர் தலையில் கண்ணாடிப் பெட்டியைக் கட்டுவது ஒரு வேலையா?

கட்டினார்கள். உள்ளிருந்து பூட்டு, மேலே தங்கச் சங்கிலி. கடலடியைப் பார்க்க ராஜா இறங்கிவிட்டார். அந்த வடிவமைப்பில் உருப்படியான சமாச்சாரம் உள்பூட்டு ஒன்றுதான். நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் நூறு டன் உட்காரும். கண்ணாடி நசுக்கினால் தாங்கும், வளைத்தால் தாங்காது. பெட்டியின் தட்டைப் பக்கமோ வளைந்தே தீரும். விவரம் தெரிந்தவன் உருண்டை செய்வான்.

சோதனை? மூச்! கிள்ளானில் டயர் கடைக் கம்ப்ரஸர் தொட்டிக்கே பி.எம்.டி. பதிவு எண் எழுதியிருக்க வேண்டும். தொட்டியைத் தண்ணீர் ஏற்றித்தான் சோதிப்பார்கள். தண்ணீர் லேசில் சுருங்காது, விரிசல் விட்டால் பீச்சியடித்து ஓய்ந்துவிடும். காற்றானால் கூரையோடு போகும். நீர்மூழ்கிக்குத் தலைகீழ்: தடித்த உருக்குத் தொட்டிக்குள் அதை வைத்துச் சுற்றிலும் நீரை அழுத்துவார்கள். உள்ளே காலியிடம் அதிகமிருந்தால், கலம் நொறுங்கும் அதிர்ச்சி தொட்டியையும் பதம் பார்க்கும்.

1932-இல் பெர்முடாவில் கடலாய்வாளர் வில்லியம் பீப் தன் உருக்கு முங்கு உருண்டையை ஆளில்லாமல் இறக்கினார். கிட்டத்தட்ட நிறையத் தண்ணீரோடு வந்தது. கதவு போல்ட்டைத் திருகினார்கள். பீரங்கிக் குண்டாகப் பறந்தது. உள்ளே பீப் இல்லை. அதுதான் சோதனை.

2009 செப்டம்பரில் போர்ட் கிள்ளானுக்கு வந்த நம் மலேசியாவின் முதல் நீர்மூழ்கி கேடி துங்கு அப்துல் ரஹ்மான், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் உயரழுத்தக் காற்று அமைப்பில் கோளாறு என்று முங்க மறுத்தது. ஊரே சிரித்தது. எனக்கென்னவோ முங்காமல் இருந்ததே புத்திசாலித்தனமாகப் பட்டது.

ராஜா முங்கினார். கடலரசன் மகளைக் கட்டினார், மூன்று பிள்ளைகள் பெற்றார். ஒருநாள் ஊர் ஞாபகம் வந்து மேலே கிளம்பினார். பறக்கும் குதிரையில். பெட்டியில் அல்ல.