இரண்டு மதிப்பெண் அம்மோனியா

நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அம்மோனியாவின் பண்புகளைக் கேட்டால் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள்: நிறமற்றது, காரநெடி உடையது, காற்றைவிட லேசானது, நீரில் நன்றாகக் கரையும். இரண்டு மதிப்பெண், முழுசாக.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அந்த வாயுவே நேரில் வந்து தேர்வு நடத்தியது. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ‘நீரில் நன்றாகக் கரையும்’ என்றால் என்ன அர்த்தம்? ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே ஓடு என்று அர்த்தம். அதைச் சொல்லித்தர நேரம் ஏது? போர்ஷன் முடிக்க வேண்டுமே! ஜெர்மனியில் ஹேபர் எத்தனை வளிமண்டல அழுத்தத்தில் அம்மோனியா தயாரித்தார் என்பது பாடத்தில் வரும். நம் கடலுக்கடியில் அது எந்த வழியாகப் போகிறது என்பது வராது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறகு வந்து அளந்தது. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கலாம், இருந்தது 49. ஏறத்தாழ பத்து மடங்கு என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் அந்தக் கணக்கை எந்தப் பரீட்சையிலும் கேட்க மாட்டார்கள்.

கேட்பதற்கு வேறு மேடை இருக்கிறதே, அறிவியல் கண்காட்சி! தெர்மாகோலில் தொழிற்சாலை, புகைபோக்கியில் வெள்ளைப் பஞ்சு, பக்கத்தில் நீலச்சாயம் பூசிய ஆறு. சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டி, “நாளைய அப்துல் கலாம்” என்று முதுகில் தட்டுவார். அதே பிள்ளை கொசஸ்தலையாற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு, அடியில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலோடு கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? “எதுக்குடா நமக்கு வம்பு?” என்று பாட்டில் மேசைக்கு அடியில் போகும். பஞ்சுப் புகைக்கு முதல் பரிசு; நிஜச் சாம்பலுக்கு மெமோ.

பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டு. அதற்குப் பெயர் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை தந்த வரம் அது. 30 நாள் முன்னறிவிப்பு. முழு அறிக்கை ஆங்கிலத்தில், ஊர் மொழியில் வெறும் சுருக்கம். 2020இல் வந்த வரைவு அந்த 30 நாளையும் 20 ஆக்கப் பார்த்தது. அப்படி என்ன அவசரம்? இன்னொரு வேடிக்கை, கூட்டம் தொடங்க இத்தனை பேர் வர வேண்டும் என்ற கட்டாயமே இல்லை என்று அறிவிக்கையே சொல்கிறது. கிராம சபைக்குக்கூடக் கோரம் உண்டு. இங்கே காலி நாற்காலியிடமும் கருத்துக் கேட்கலாம். நாற்காலி எதிர்த்துப் பேசாது.

நாற்காலிக்குப் பதில் மீன்கூடைக்காரம்மா எழுந்துவிட்டால்தான் சிக்கல். “கழிமுகத்துல இறால் ஏன் சாவுது?” என்று கேட்டால், “உணர்ச்சிவசப்படாதீங்கம்மா, டெக்னிக்கலா பேசுங்க” என்பார்கள். நாலு எண்களைப் படித்துக்கொண்டு வந்து டெக்னிக்கலாகப் பேசினால், “இதை உனக்கு யாரும்மா எழுதிக் கொடுத்தது?” என்பார்கள். அழுதால் அறியாமை, அளந்தால் அந்நியச் சதி! முப்பது வருஷம் அந்தத் தண்ணீரில் நின்றவளின் பேச்சு தரவு இல்லை. மூன்று நாள் வந்து போன கன்சல்டன்ட் எழுதினால் அறிக்கை.

மாற்றிச் செய்து காட்டியவர்கள் இந்த நாட்டில் இல்லாமல் இல்லை. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலை வேறு விதமாகக் கற்பிக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகளே சோதனை செய்தார்கள், வயல்வெளிக்குப் போய்ப் பார்த்தார்கள், புத்தகத்தைத் திறந்து வைத்தே தேர்வு எழுதினார்கள். ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள்வரை வளர்ந்தது. 2002இல் மாநில அரசு அதை இழுத்து மூடியது. மனப்பாடத்தை இழுத்து மூடிய அரசு எதையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்டோம். அந்தக் கடமையைச் செய்ய வருகிறவரைக் கருத்துக் கேட்புப் பந்தல் வாசலில் போலீஸ் நிறுத்தி, பெயர், ஊர், போன் நம்பர் கேட்கிறது.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வி சேருங்கள்: உங்கள் ஊருக்கு அடியில் ஓடும் குழாயில் என்ன போகிறது? விடை எழுதாத பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள். சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை.