புல்தரை வேப்பங்கன்றுகள்: ஒரு தொல்காப்பிய நோக்கு

முன்னுரை இல்லாத ஆய்வேட்டுக்கு மதிப்பெண் இல்லை என்பதால், இது முன்னுரை.

ஆய்வு எல்லை: வடக்கே துளசி மாடம், தெற்கே செப்டிக் டேங்க்; இடைப்பட்ட, கொரியன் புல் விரித்த நிலம். கிழக்கும் மேற்கும் பக்கத்து வீட்டாரோடு தகராறில் இருப்பதால் விலக்கப்பட்டன. ஆய்வுப் பொருள்: அங்கே ஆடி, ஆவணியில் கேட்காமல் முளைக்கும் மரக்கன்றுகள்.

அவற்றுள் புங்கன், காய் விழுந்த இடத்திலேயே முளைப்பது. பப்பாளி ஆய்வுக்குரியதன்று, கூட்டுக்குரியது. அரசு புல்தரையை மதிப்பதில்லை. பறவை எச்சத்தில் பயணம் செய்து மொட்டைமாடிச் சுவரின் விரிசலில் குடியேறும். பிடுங்கினால் பாவம், விட்டால் சுவர் போகும் (கொத்தனார், வாய்மொழி, முன்பணம் வாங்கியபின்). எஞ்சியது வேம்பு.

காகமும் மைனாவும் வௌவாலும் பழச்சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையை நம் தலையில் கட்டுகின்றன. வேப்பங்கொட்டையின் முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். ஆகவே அது நாள் கடத்தாமல் மழை கண்டதும் முளைத்துவிடுகிறது. முனைவர் பட்ட ஆய்வாளர்களிடம் அரிதாகக் காணப்படும் பண்பு இது.

இனித்தான் சிக்கல். முளைத்தது புல்லா, மரமா? புறத்தே வைரம் உடையது புல், அகத்தே வைரம் உடையது மரம் என்பது தொல்காப்பிய மரபியல். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். கன்றை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளேயும் வைரமில்லை, வெளியேயும் இல்லை. இலக்கணப்படி அப்படியொன்று முளைக்கவே இல்லை. ஆனால் காலில் இடறுகிறது.

இதுபற்றி அறிஞர் பலவாறு கூறுவர். வருங்கால வைரம் கருதி மரமே என்பது முதற்கொள்கை (மாமனார், ஈஸிசேர் உரை, நாளிதழ் முடிந்து காபி வருமுன்). எந்திரத்தில் சிக்குவதெல்லாம் புல் என்பது இரண்டாவது (புல் வெட்ட வருபவர், கூலி பேசு படலம், 'பெட்ரோல் விலை தெரியுமா சார்' எனத் தொடங்கும் பகுதி). மூன்றாவது கொள்கை (மாடி வீட்டு மாமி, துணி உலர்த்து காண்டம், இரண்டாம் கொடி, நனைந்த போர்வைக்கு இடப்புறம், எதிர்வீட்டுப் பாட்டியின் விருத்தியுரையுடன், குக்கர் விசிலால் நடுவே சில அடிகள் சிதைந்தன): "மாரியாத்தா குடியிருக்கிற கன்றைப் புல்லுன்னு சொல்ற நாக்கு..." இதற்குமேல் ஏடு செல்லரித்துள்ளது.

உரையாசிரியர் மூவர் முரண்பட்டால், நான்காமவர் வந்து மூவரும் ஒன்றையே சொன்னார்கள் என நிறுவிப் பதவி உயர்வு பெறுவது நம் மரபு. அம்மரபு வழுவாமல் நிறுவுகிறேன்: மூவர் கருத்தும் ஒன்றே. மூவருமே பிடுங்க வரமாட்டார்கள்.

உலகளாவிய பார்வை இல்லாவிட்டால் கருத்தரங்கில் பயணப்படி தரமாட்டார்கள் என்பதால் ஒரு செய்தி. பூஞ்சையை ஒழிக்க வேப்பெண்ணெயைப் பயன்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-இல் உரிமை வழங்கியது. இது இந்தியாவில் ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று எதிர்த்தவர்கள் வாதாட, 2000-இல் அது ரத்தாயிற்று. மேல்முறையீடும் 2005-இல் தோற்றது. எண்ணெய்க்கு உரிமை கேட்டு அவ்வளவு தூரம் வழக்காடியவர்கள், என் புல்தரைக் கன்றுகளுக்கு உரிமை கேட்டு ஒருநாளும் வரவில்லை. இதையே 'ஆய்வு இடைவெளி' என்பர்.

தலையை வெட்டினால் வேம்பு அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். விட்டுவைத்தால் ஆணிவேர் ஆழம் போகும். மழை பெய்த மறுநாள், கன்று சிறிதாக இருக்கும்போதே, அடித்தண்டைப் பிடித்து நேர்மேலே இழுத்தால் வேரோடு வந்துவிடும். இந்த வாக்கியங்களுக்கு மேற்கோள் ஏதும் இல்லாததால் இவற்றை ஆய்வு முடிவாகக் கொள்ள இயலாது என்று நெறியாளர் தெரிவித்தார்.

வேப்பங்கன்று வேண்டுவோர் காலி பால் கவரோடு வரலாம், மண்ணும் இலவசம். முனைவர்கள் வந்தால், முதலில் இரண்டு கன்று பிடுங்க வேண்டும்; அப்புறம்தான் காபி.